முதல் சாவி

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கறை போகாத நகம், சட்டைப் பையில் டெஸ்டர், இடுப்பில் கறுப்பு டேப் உருளை. இதுதான் மச்சான். ஆனால் தெரிந்தவர்கள் யாரும் அவரை மெக்கானிக் என்று சொன்னதில்லை. தகரம் என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தது கடைத்தெருவில் இருக்கும் கடிகாரக் கடைக்காரர். பொருத்தமாகத்தான் வைத்தார்.

சாவி கொடுத்தால் நடக்கும் தகர ரோபோ பொம்மைகள் சேர்ப்பது மச்சானுக்குப் பைத்தியம். எல்லா நாட்டுப் பொம்மையும் கிடையாது. சோவியத் யூனியன் என்று ஒரு நாடு இருந்ததே, அங்கே செய்தது மட்டும். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், எண்ணெய் டின்னுக்குக் கை கால் முளைத்த மாதிரி. அவர் ஒவ்வொன்றையும் குப்புறப் போட்டுப் பாதத்தைக் காட்டுவார். "பாருடா, விலையைத் தகரத்துலயே அடிச்சு வச்சிருக்கான். எந்தக் கடைக்காரனும் ஒரு பைசா கூட்டி விக்க முடியாது. நேர்மைன்னா இது." நேர்மையைப் பற்றி அவர் வாயால் கேட்பது தமாஷாக இருக்கும். அந்தப் பொம்மைகளை அவர் எப்படிச் சேர்த்தார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை, நடுவில் ஒரு நடை. முன்னறையில் யாராவது வந்தால் உட்கார நாற்காலி, அவர் படுக்கக் கட்டில். பின்னறைதான் ஈரமில்லாத அறை, அது பொம்மைகளுக்கு. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. ஜன்னலை ஆணி அடித்து மூடி, இடுக்கில் எல்லாம் காகிதம் ஒட்டியிருந்தார். ஃபேன் போடக்கூடாது, தூசி பறக்கும். உலை கொதிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிட வேண்டும், ஆவி போகும். அக்காவும் மகளும் நடையில் பாய் போட்டுப் படுப்பார்கள். மழைக்காலத்தில் நடைச் சுவரில் கையை வைத்தால் தண்ணீர் வழியும். பிள்ளைக்கு மூச்சு விசிலடிக்கும்.

"பொம்மையெல்லாம் நடையில வச்சுட்டு நாங்க உள்ள படுத்துக்கிறோமே, மழை நிக்கிற வரைக்கும்" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"அவளுக்கு இளைப்பு வந்தா மாத்திரை இருக்கு. தகரத்துக்குத் துரு வந்தா மாத்திரை இருக்கா?" என்றார் மச்சான். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், நல்ல ஜோக் சொன்னவர் மாதிரி.

அவர் பொம்மைகளில் ஒன்று மட்டும் தனி. அது வந்த கதையை அவரே சொல்லுவார், பெருமையாக, யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும்.

உயரமான கட்டடம் ஒன்றில், மேல்மாடியில் ஒரு கிழவர் இறந்துவிட்டார். கப்பலில் வேலை பார்த்தவர். பெட்டியில் வைத்து லிஃப்ட்டில் இறக்கும்போது பாதியில் நின்றுவிட்டது. பிணம் நடுவில், சொந்தக்காரர்கள் படிக்கட்டில். மச்சானைக் கூப்பிட்டார்கள். மெஷின் அறைக்குப் போகும் வழியில் கிழவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அலமாரி மேல் ஒரு ரோபோ, அட்டைப் பெட்டி கலையாமல். பெட்டியின் முன்பக்கம் கண்ணாடித்தாள், அதற்குள்ளே நீல உடம்பு, சிவப்புக் கண், முதுகிலிருந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் கொக்கி, மேலே தள்ளியபடி. பிறக்கப்போகிற பிள்ளைக்காகக் கிழவர் வாங்கி வந்தாராம். பிள்ளை பிறக்கவில்லை. பெட்டியைப் பிரிக்கவும் இல்லை.

மச்சான் மெஷினைப் பார்த்தார். ஒரு ஃபியூஸ்தான் போயிருந்தது. கிழவர் வீட்டுக்கு இறங்கி வந்து, அவர் மனைவியிடம், "பாகம் கிடைக்கணும்மா. நாளைக்கு ஆகலாம், நாளன்னிக்கும் ஆகலாம்" என்றார்.

அந்த அம்மா அழுதாராம். வெயில் வேறு. மச்சான் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கடைசியில் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "எடுத்துட்டுப் போய்யா. அவர இறக்கிக் குடு" என்றார்.

"ரெண்டு நிமிஷ வேலை!" என்று கதை இந்த இடத்துக்கு வந்ததும் மச்சான் தொடையில் தட்டிச் சிரிப்பார். கேட்பவர்கள் சிரிக்கமாட்டார்கள். அதை அவர் கவனித்ததே இல்லை.

அதில் என்ன விசேஷம் என்றால், இந்தப் பொம்மை சேர்ப்பவர்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு. தொழிற்சாலையில் பெட்டியில் போடுமுன் ஒரு பெண் ஒவ்வொரு பொம்மைக்கும் கொஞ்சமாகச் சாவி கொடுத்து, நடக்கிறதா என்று பார்ப்பாளாம். நடந்தால் மறுபடி அதே அளவு சாவி கொடுத்து, முதுகுக் கொக்கியை மேலே தள்ளி நிறுத்தி அனுப்புவாளாம். வாங்குகிற பிள்ளை கொக்கியைக் கீழே தள்ளினால் பொம்மை ஒரு சாண் தூரம் நடந்து நின்றுவிடும். அந்தச் சாவி அதோடு தீர்ந்தது. அப்புறம் கொடுப்பதெல்லாம் நம் சாவி. முழுச் சாவி கொடுத்தால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போகும், ஆனால் அது நம்முடையது. கொக்கியை ஒருத்தரும் தள்ளாத பொம்மை அகப்பட்டால், அதில் முதல் சாவி இருக்கிறது என்பார்கள். மச்சானிடம் இருந்தது அப்படிப்பட்ட பொம்மை. ஒரு சாண் நடை. அதற்குத்தான் இத்தனை ஆட்டம்.

மச்சான் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, தடவி, நெஞ்சோடு காதை வைத்துக் கேட்பார். "எங்கேயோ பனிக்குள்ள ஒரு பொண்ணு கை வச்சது இன்னும் உள்ள இருக்குடா. அவ செத்திருப்பா. கை சாகல."

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுப்பாள். "சாகாத கை ஒண்ணு இங்க பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு நிக்குது. சாப்பிட வாங்க."

அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அலமாரி பூட்டாமல் கிடந்தது. பிள்ளை ஒரு ரோபோவை எடுத்துச் சாவி கொடுத்து நடையில் நடக்க விட்டிருக்கிறாள். முதல் சாவிப் பொம்மை இல்லை, வேறு ஏதோ ஒன்று. மறுநாள் காலையில் பொம்மைக் காலில் மண்ணைப் பார்த்துவிட்டார் மச்சான். அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. இடுப்பிலிருந்த கறுப்பு டேப்பை எடுத்து, பிள்ளையின் இரண்டு கையிலும் விரல்களைச் சேர்த்து வைத்துச் சுற்றினார். ஒயர் முனைக்குச் சுற்றுவது மாதிரி, இடைவெளி விடாமல், நிதானமாக.

"இப்படியே ஸ்கூலுக்குப் போ. யாராச்சும் கேட்டா எதுக்குன்னு நீயே சொல்லு."

பென்சில் பிடிக்க முடியவில்லை. டிபன் டப்பாவைத் திறக்க முடியவில்லை. மற்றதையும் அவிழ்க்க முடியவில்லை. நனைந்த பாவாடையோடு வீட்டுக்கு வந்தாள். அக்கா தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி, ஊற்றி ஊற்றி டேப்பை உரித்தாள். அன்றைக்கு அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. அப்புறம் வழக்கம்போல "ஏங்க, சாப்பிட வாங்க" என்றாள். ஆறிவிட்டது என்று நினைத்தேன். அவள் கூடப் பிறந்தவன் நான், எனக்கே தெரியவில்லை.

மகள் வளர்ந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். போனவள் போனவள்தான்.

போன வருஷம் மச்சான் மெஷின் அறையில் விழுந்தார். வலது பக்கம் செத்துவிட்டது. அவரே லிஃப்ட்டைக் கழற்றிப் போட்டிருந்ததால், படி வழியாகத்தான் அவரை இறக்க வேண்டியிருந்தது. நாலு பேர் நாலு பக்கம் பிடித்து, மாடி மாடியாக, திரும்புகிற இடமெல்லாம் அவர் காலை இடித்துக்கொண்டு. அந்தக் கப்பல் கிழவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம். "இல்ல."

டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "மனசுல எல்லாம் தெளிவா இருக்கும்மா. வாயில அந்த ஒண்ணுதான் வரும். பசின்னாலும் இல்லதான், வலின்னாலும் இல்லதான், ஆமான்னு சொல்ல நினைச்சாலும் இல்லதான். அவர் இல்லன்னு சொன்னா இல்லன்னு எடுத்துக்காதீங்க. முகத்தப் பாத்துப் புரிஞ்சுக்கணும்."

அக்கா கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாள்.

ஈரமில்லாத அறையில் படுக்க வைக்கச் சொன்னார்கள். கட்டிலைப் பின்னறையில் போட்டது நான்தான். அக்கா முதல் வேலையாக ஜன்னல் காகிதத்தைக் கிழித்து, ஆணியைப் பிடுங்கி, இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். மச்சான் "இல்ல, இல்ல" என்றார்.

"காத்து நல்லதுங்க" என்றாள் அக்கா.

நான் சின்ன லாரி ஓட்டுகிறவன். லோடு இல்லாத காலைகளில் வந்து, அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டுப் போவேன். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். அக்கா தண்ணீர் டம்ளரை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "குடிக்கிறீங்களா?" என்பாள்.

உதடு காய்ந்து வெடித்திருக்கும். கண் டம்ளரிலேயே இருக்கும். "இல்ல" என்பார்.

"வேணாமா? சரிங்க." டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து கொடுப்பாள். பட்டினி போட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. துணி வெள்ளையாக இருக்கும், முதுகில் ஒரு புண் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்கள், "இவ மாதிரி யாரு பாப்பா" என்று மூக்கில் விரல் வைத்தார்கள்.

அப்புறம் துணி தேய்க்கிற நீள மேசையைக் கட்டிலை ஒட்டிப் போட்டாள். மருந்து வைக்க என்றாள். தினமும் அவருக்கு முகம் துடைத்தபின் அலமாரியிலிருந்து ஒரு ரோபோவை எடுப்பாள். இனி திரும்பாது என்கிறவரை சாவி கொடுப்பாள். மேசையின் தலைமாட்டில் வைத்து விடுவாள். அது கர்ர் கர்ர் என்று இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே போகும். மேசை முடியும். விழும்.

"அடடா" என்று எடுத்து, நசுங்கினதோடு அலமாரியில் வைப்பாள். "நாளைக்குப் பச்சைக் கலரு."

"இல்ல! இல்ல!"

"பச்சை வேணாமா? சரி, மஞ்சள் எடுப்போம்."

"என்னக்கா இது?" என்று ஒருநாள் சமையலறையில் கேட்டேன்.

"படுத்தே கெடக்குறாரு. பொழுது போக வேணாமாடா?"

அவள் கண்ணில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

ஆனால் மனுஷன் எதற்கும் பழகிவிடுவான். கொஞ்ச நாளில் மச்சான் கண்ணை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டார். சாவி திருகும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிவிடுவார். கீழே விழும் சத்தத்துக்கு இமைகூட அசையாது. அக்காவும் விட்டுவிட்டாள். அலமாரியில் முதல் சாவிப் பொம்மை மட்டும் பெட்டிக்குள் அப்படியே இருந்தது. அதை அவள் தொடவில்லை. மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். அது இருக்கிற வரைக்கும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிற மாதிரி ஒரு பார்வை.

அப்போதுதான் மகள் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகப் பின்னறைக்குப் போனாள். வாசற்படியில் நின்றுவிட்டாள். சின்ன வயசுப் பழக்கம், அந்தப் படியை அவள் ஒருநாளும் கேட்காமல் தாண்டியதில்லை, அந்த ஒருநாளைத் தவிர.

"உள்ள வரலாமாப்பா?"

மச்சான் முகம் கோணிக்கொண்டு துடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. இடது கையை அவள் பக்கம் நீட்டினார்.

"இல்ல" என்றார்.

அவள் காலைப் பின்னால் எடுத்தாள். டாக்டர் சொன்னதை நான் அவளுக்கு விளக்கினேன், கெஞ்சிக்கூடப் பார்த்தேன். "தெரியும் மாமா. நானும் ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்குறேன். தெரிஞ்சு என்ன, காதுல அதானே விழுது" என்றாள். அம்மா கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, வந்த பையோடு பஸ் ஏறிவிட்டாள்.

அக்கா தட்டைக் கழுவினாள். கழுவி முடித்துத் துடைத்து வைத்தாள். "எல்லா வார்த்தையும் செத்துச்சு, அது மட்டும் எப்படிடா சாகாம இருந்துச்சு?" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

அலமாரியைத் திறந்து முதல் சாவிப் பொம்மையைப் பெட்டியோடு எடுத்தாள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. இத ஒண்ணும் பண்ணமாட்டேன். பண்றதுக்கு அதுல என்ன இருக்கு?" கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஏதோ விசேஷம் பேசுகிற மாதிரி மெல்லப் பேசினாள். "புள்ள விரல்ல டேப் சுத்தி அனுப்புனீங்களே, ஞாபகம் இருக்காங்க? அன்னிக்கு நீங்க வேலைக்குப் போனதும் இதத்தான் எடுத்தேன். கொக்கியத் தள்ளுனேன். தத்தக்கா பித்தக்கான்னு ஒரு சாண் போய் நின்னுச்சு. அவ்ளோதானான்னு எனக்கே சப்புன்னு ஆயிடுச்சு. அப்புறம் நானே சாவி குடுத்தேன், முழுசா, திரும்பாதுங்கிற வரைக்கும். கொக்கிய ஏத்திப் பெட்டியில வச்சுட்டேன். இத்தன வருஷமா நீங்க காது வச்சுக் கேட்டது என் கைதான். பாத்திரம் தேய்க்கிற கை."

மச்சான் கண்ணைத் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டு தப்பிக்க முடியாத ஒன்று அவருக்கு அன்றைக்குத்தான் வந்தது.

பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்து, மேசையில் அவருடைய இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்க வைத்துவிட்டு அக்கா எழுந்து போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பார்த்துக்கொண்டே கிடந்தார். கடிகாரக் கடைக்காரர் பார்க்க வந்தபோது மச்சான் இடது கையால் பொம்மையையும் அவரையும் மாறி மாறிக் காட்டி, "இல்ல? இல்ல?" என்று கேட்டார்.

"என்னம்மா கேக்குறாரு?"

"அதுல இருக்கிறது தொழிற்சாலைச் சாவியா, வேற யாராவது குடுத்ததான்னு கேக்குறாருண்ணே. பாத்துச் சொல்ல முடியுமா?" என்றாள் அக்கா. குரலில் அத்தனை கரிசனம்.

கடைக்காரர் பொம்மையைக் கையில் எடுக்கக்கூடத் துணியாமல் குனிந்து பார்த்தார். "அத எப்படிச் சொல்றது தகரம்? சாவியத் திருகிப் பாத்தா கலந்துடும். கொக்கிய விட்டுப் பாத்தா தீந்துடும். ஒரு சாண்ல நின்னா தொழிற்சாலை. ஓடிக்கிட்டே போனா வேற ஆளு. ஆனா தெரியும்போது அது இருக்காதே. பேசாம விட்டுடு. இருக்குன்னு நெனச்சுக்க."

நினைத்துக்கொள்ள முடிந்தால் அவர் மச்சானே இல்லை.

ஒரு காலை நான் வாளியோடு உள்ளே போனபோது அவருடைய இடது கை மேசைமேல் இருந்தது. அக்கா ஜன்னலோரம் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவரைத் தடுக்கவும் இல்லை, பார்க்காதது மாதிரி இருக்கவும் இல்லை. விரல் ஊர்ந்து பொம்மையின் முதுகுக்குப் போனது. கொக்கியின்மேல் வெகுநேரம் நின்றது. அப்புறம் கீழே தள்ளியது.

கர்ர் என்றது. சிவப்புக் கண்ணுக்குள் பொறி தட்டியது. வலது கால், இடது கால், மறுபடி வலது. ஒரு சாண் போயிருக்கும். தூக்கிய காலோடு நின்றுவிட்டது.

மச்சான் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. பாதி வாய்தான் சிரித்தது, ஆனாலும் பிள்ளைச் சிரிப்பு. தொழிற்சாலைதான்! அந்தப் பெண்தான்! இவள் தொடவே இல்லை! அக்காவைப் பார்த்து வெற்றியோடு "இல்ல!" என்றார்.

"ஆமாங்க. நான் தொட்டதே இல்ல. நான் குடுத்த சாவியா இருந்தா மேசை முடியிற வரைக்கும் போயிருக்குமே" என்றாள் அக்கா.

சிரிப்பு அப்படியே இருந்தது. இறங்க வழி தெரியாமல் முகத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தது. கண் மட்டும் பொம்மைக்குப் போனது, தூக்கிய காலுக்குப் போனது, தன் விரலுக்கு வந்தது.

அக்கா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பெட்டிக்குள் இருந்த சாவியை எடுத்தாள்.

"இப்பக் குடுக்கட்டுமாங்க?"

"இல்ல" என்றார் மச்சான். தெளிவாக, பல்லைக் கடித்து, ஒவ்வொரு எழுத்தும் கேட்கிற மாதிரி. "இல்ல. இல்ல."

அக்கா அவர் முகத்தை நன்றாகக் குனிந்து பார்த்தாள். முதல்முறையாகப் பார்த்தாள்.

"இல்லன்னா இல்லன்னு எடுத்துக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லடா?" என்று என்னிடம் கேட்டாள். பொம்மையின் முதுகில் சாவியைச் செருகி, இனி திரும்பாது என்கிறவரை திருகினாள். மேசையின் தலைமாட்டில் வைத்தாள்.

அது போயிற்று. மேசை முடியும்வரை போயிற்று.